மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின்

யாழ்ப்பாணத்தில் ‘ஏ போட்டி’ என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒஸ்ரின் ஏ40. முதலில் வந்தது டெவொன். அதற்குப் பிறகு 1952இல் வந்தது சொமசெற். டெவொனின் முகம் உயர்ந்து நிமிர்ந்திருக்கும். சொமசெற்றில் கூர் என்று ஒன்றையும் காணமுடியாது, மட்காட்டிலிருந்து டிக்கிவரை எல்லாம் உருண்டை. எங்கள் சந்தியில் ஹயருக்கு நின்ற கார்களில் பெரும்பாலானவை இந்த இரண்டும்தான். மிச்சம் மொறிஸ் மைனரும், பின்பக்கம் செட்டை வைத்த ஒஸ்ரின் கேம்பிறிட்ஜும்.

என் சின்ன மாமா ஓட்டியது சொமசெற். கடும் பச்சை. இலக்கத்தகட்டில் ஈ.என். என்ற ஆங்கில எழுத்துகள். சிங்கள ஸ்ரீ எழுத்தோடு தகடுகள் வந்ததும், அதை எதிர்த்துத் தமிழ்ப் பகுதிகளில் போராட்டம் எழுந்ததும் 1950களின் பிற்பகுதியில். மாமாவின் கார் அதற்கு முந்திப் பதிந்தது. கார் எந்த ஆண்டில் செய்தது என்று ஊரில் ஆரும் கேட்கமாட்டார்கள். ‘ஸ்ரீக்கு முந்தினது’ என்று மாமா சொல்லுவார், கேட்டவர் தலையை ஆட்டுவார்.

சந்தியில் பொழுதைக் கழித்த பெடியளுக்குக் கார் வருமுன்னமே சத்தம் போதும். மைனர் வேகத்தைக் குறைக்கும்போது எக்சோஸ்ற் குழாயிலிருந்து ‘பர்ர்’ என்று ஒரு சத்தம் வரும், அது வேறு எந்தக் காரிலும் வராது. கேம்பிறிட்ஜின் சத்தம் கனத்தது. சொமசெற் அடங்கிய குரலில் பேசும். அதன் 1200 சி.சி. எஞ்சினின் வலு மொத்தமே 42 குதிரை. அவசரப்படுத்தினால் எரிச்சல்படும், விட்டுப் பிடித்தால் எவ்வளவு பாரத்தையும் இழுக்கும். நல்லூர்த் தேருக்குப் போகும்போது முன்சீற்றில் மாமாவோடு இரண்டு பேர், பின்னால் ஐந்தாறு பேர், மடியில் பிள்ளைகள். கியர்த் தடி நிலத்தில் இல்லாமல் ஸ்ரியறிங்குக்குக் கீழே இருந்ததால் முன்னுக்கு அந்த இடம் கிடைத்தது.

கதவைத் திறந்தால் முதலில் மணம் வரும். வெடித்துப்போன தோல் சீற், பெற்றோல், கண்ணாடியடியில் மாமா வைத்திருந்த திருநீறும் கற்பூரமும், மழைநாளில் ஊறிய சணல் விரிப்பு. பொனற் நுனியில் பறக்கிற மாதிரி ஒரு ‘ஏ’. அதைத் துடைக்கிற வேலை எனக்கு. முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவிலுள்ள தூணில் சமிக்ஞைக் கை மடிந்து கிடக்கும். சுவிட்சைத் திருப்பினால் ‘டொக்’ என்று வெளியே நீளும், உள்ளுக்குள் செம்மஞ்சள் வெளிச்சத்தோடு. மாரி காலத்தில் அது பாதியில் சிக்கும். மாமா பேச்சை நிறுத்தாமலே முழங்கையால் தூணில் ஓர் இடி இடிப்பார். கை வெளியே வந்துவிடும். புதிதாக ஏறிய ஆட்கள் திடுக்கிட்டுப் போவார்கள்.

ஹாண்டில் பிடிக்கப் பழக்கியதும் மாமாதான். பம்பருக்கு நடுவிலுள்ள ஓட்டையால் தடியை விட்டு, உள்ளே கடிக்கும்வரை தள்ளி, பிறகு சுற்றவேண்டும்.

“தம்பி, பெருவிரலை மடக்கிப் பிடியாதை. மற்ற விரலுகளோட ஒரே பக்கம் வை. எஞ்சின் திருப்பி உதைச்சால் கை முறிஞ்சிடும். கீழயிருந்து மேல இழு. மேலயிருந்து கீழ அமத்தக் கூடாது.”

முதலில் சுவிட்ச் போடாமல் மெல்ல இரண்டு சுற்று, எண்ணெய் எல்லா இடமும் போக. பிறகு சோக்கை இழுத்து, சுவிட்சைப் போட்டு, ஒரே இழுவை. பிடித்தால் கார் முழுக்க ஒருமுறை குலுங்கி அடங்கும். அந்தக் குலுக்கம் தடி வழியாகத் தோள்வரை ஏறும்.

இந்தக் கார்கள் ஏன் எங்கள் ஊரில் வந்து குவிந்தன என்பதை இங்கிலாந்துக்கு வந்த பிறகுதான் ஒழுங்காக வாசித்தேன். இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது பிரித்தானியா கடனுக்குள் கிடந்தது. டொலர் வேண்டும், அந்நியக் காசு எதுவானாலும் வேண்டும். உருக்குத் தட்டுப்பாடு. ஏற்றுமதி செய்கிற கொம்பனிக்குத்தான் அரசாங்கம் உருக்கைப் பங்கிட்டுக் கொடுத்தது. அதனால் 1947இல் பேர்மிங்ஹாமுக்குத் தெற்கே லோங்பிரிட்ஜ் தொழிற்சாலையில் ஏ40 டெவொன் செய்யத் தொடங்கியபோது பெரும்பகுதி நேரே கப்பலுக்குப் போனது. உள்ளூர்க்காரர் பணத்தை வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். அமெரிக்கா, அவுஸ்திரேலியா, இந்தியா, இலங்கை என்று கார்கள் போய் இறங்கின.

பிரித்தானியர் அப்போது ஊற்றிய பெற்றோலும் நல்ல பெற்றோல் அல்ல. 1950 மே வரை அங்கே பெற்றோலுக்குப் பங்கீடு. கொம்பனிப் பெயர் எதுவும் இல்லாமல் ‘பூல்’ என்ற ஒரே தரம், ஒக்ரேன் எழுபது சொச்சம். 1953இல்தான் அது ஒழிந்தது. அந்த மட்டமான எண்ணெயில் ஓடவேண்டும் என்றால் எஞ்சினின் அமுக்க விகிதத்தைக் குறைத்துத்தான் வைக்கமுடியும். ஏ40இல் அது ஏழுக்குச் சற்று மேல். லோங்பிரிட்ஜ் எஞ்சினியர்மார் விரும்பிச் செய்த காரியம் இல்லை, நாட்டின் கையில் இருந்ததை வைத்துச் செய்தார்கள். இந்த ஏழுக்குச் சற்று மேல் என்ற கணக்குத்தான் பிறகு எங்களைக் காப்பாற்றியது என்று நான் நினைக்கிறேன். அதற்கு வருகிறேன்.

மொறிஸ் மைனரைப் பற்றியும் சொல்லவேண்டும். 1948இல் லண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் கண்காட்சியில் அது வெளிவந்தது. செய்தவர் அலெக் இசிகோனிஸ், துருக்கியின் ஸ்மேர்னாவில் பிறந்தவர், பிறகு மினியையும் அவரே செய்தார். மாதிரிக் கார் முடிந்து நின்றபோது அகலம் போதாது என்று அவருக்குப் பட்டது. காரை நீளவாக்கில் இரண்டாக வெட்டச் சொல்லி, பாதிகளைத் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்து, 4 அங்குலம் கூட்டினார். அதனால்தான் மைனர் பொனற்றின் நடுவில் தட்டையான ஒரு பட்டி ஓடுகிறது. முதலில் வந்த கார்களின் பம்பர்கூட நடுவில் துண்டு வைத்து ஒட்டியதுதான், முன்கூட்டியே அடித்து வைத்திருந்த பம்பர்களை வீணாக்காமல். பத்து லட்சம் எண்ணிக்கையைத் தொட்ட முதல் பிரித்தானியக் கார் அது. எங்கள் பக்கத்தில் வாத்திமாரின் கார் என்றால் மைனர்தான். ஸ்ரியறிங் எவ்வளவு துல்லியம் என்றால், ஒழுங்கைக்குள் மதிலுக்கும் சில்லுக்கும் இடையில் இரண்டு விரல் இடம்விட்டுத் திருப்புவார்கள். பொறியியல் திறமையில் மைனர்தான் மேல், அதை நான் மறுக்கமாட்டேன். ஆனாலும் என் மனம் சொமசெற்றில்தான் நிற்கிறது.

கேம்பிறிட்ஜ் கலியாணக் கார். 1959இல் இத்தாலியின் பினின் பரினா வரைந்து கொடுத்த உடம்பு அது. அதே உடம்பை மொறிஸ், வூல்ஸ்லி, றைலி, எம்.ஜி. என்று மற்ற நான்கு பெயர்களிலும் முகத்தை மாற்றி விற்றார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. ஒரு காருக்கு ஒரு பெயர் போதும்.

1960களின் தொடக்கத்தில் இலங்கையில் அந்நியச் செலாவணி முட்டுப்பட்டது. கார் இறக்குமதி கிட்டத்தட்ட நின்றது. வந்திறங்கியவற்றை வைத்துத்தான் மிச்சக் காலம் ஓடவேண்டியிருந்தது. 1977க்குப் பிறகு கதவு திறந்து ஜப்பான் கார்கள் வந்தன. கொழும்பு மாறியது. யாழ்ப்பாணம் மாறத் தொடங்கியபோது சண்டை வந்துவிட்டது. அதனால் எங்கள் கராஜ்காரர் ஒஸ்ரினையே திரும்பத் திரும்பப் பிரித்துப் பூட்டிக் கைதேர்ந்தவர்கள். டப்பட் இடைவெளியை அளவுத் தகடு இல்லாமல் காதால் சரிபார்த்த ஒருவரை எனக்குத் தெரியும். எஞ்சின் ஓட ஓட ஸ்பனரைப் பிடித்துத் தலையைச் சாய்த்துக் கேட்பார். சொமசெற்றுக்குச் சட்டம் தனி, அதன்மேல் உடம்பு தனி. கறள் பிடித்த தகட்டை வெட்டி எறிந்து புதுத் தகடு ஒட்டலாம், கீழே சட்டம் அப்படியே நிற்கும்.

1990 ஜூனில் சண்டை மறுபடி தொடங்கியது. மின்சாரம் நின்றது. பெற்றோல், டீசல், பற்றரி, உதிரிப்பாகம் எல்லாம் அரசாங்கத்தின் தடைப் பட்டியலில் ஏறின. எங்கள் ஒழுங்கையில் இருந்த இரண்டு ஜப்பான் கார்களும் தறப்பாளுக்குக் கீழே போய்விட்டன. ஒஸ்ரின்கள் தெருவில் நின்றன, மண்ணெண்ணெயில்.

இதை வெளியூரில் சொன்னால் நம்பமாட்டார்கள், ஆகவே விளக்கமாகச் சொல்கிறேன். மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் பற்றாது, ஆவியாக அதற்குச் சூடு வேண்டும். மாமா பொனற்றுக்குள் ஒரு சின்ன மருந்துப் போத்தலைக் கம்பியால் கட்டியிருந்தார். அதற்குள் பெற்றோல், அதுவும் அடியில் மட்டும். போத்தலிலிருந்து ஆஸ்பத்திரியில் எறிந்த சேலைன் குழாய் ஒன்று காபரேற்றருக்கு இறங்கும். சேலைனின் அந்தப் பிளாஸ்ரிக் உருளையே பூட்டும் திறப்பும். பற்றரி நலிந்து எவ்வளவோ காலம், ஸ்ராட்டர் மோட்டரை மறந்துவிட்டோம். ஹாண்டில்தான். பெற்றோலில் பிடித்ததும் சில நிமிடம் ஓடவிட்டு, மனிபோல்டில் தண்ணீர் தெளித்துப் பார்ப்பார். சீறினால் சேலைன் குழாயை அடைத்து மண்ணெண்ணெயைத் திறப்பார். இந்த எஞ்சினில் இன்லெற்றும் எக்சோஸ்ற்றும் ஒரே பக்கம், ஒன்றின் சூடு மற்றதில் ஏறும். அந்தச் சூட்டில் மண்ணெண்ணெய் ஆவியாகும். கொஞ்சம் தடுமாறி, வெள்ளைப் புகையைத் தள்ளி, பிறகு ஓடத் தொடங்கும்.

மண்ணெண்ணெயின் ஒக்ரேன் பூல் பெற்றோலையும்விடக் குறைவு. அமுக்கம் கூடிய புது எஞ்சினில் அதை ஊற்றினால் ‘டக் டக்’ என்று உள்ளே அடித்துப் பிஸ்ரனை உடைத்துவிடும். ஏ40 தாங்கியது. மாமா டிஸ்ரிபியூற்றரை ஒரு நூல் அளவு திருப்பித் தீப்பொறியைத் தாமதப்படுத்தி வைத்திருந்தார். வலு குறையும், ஆனால் அடிக்காது. யாழ்ப்பாணத்தில் மலையும் இல்லை மேடும் இல்லை. அந்தத் தட்டை நிலத்தில் குறைந்த வலுவே தாராளம். இருந்தாலும் கேடு இல்லாமல் இல்லை. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் ஓரத்தால் வழிந்து எஞ்சின் எண்ணெயோடு கலக்கும். டிப் ஸ்ரிக்கை இழுத்துப் பார்த்தால் எண்ணெய் குறைவதற்குப் பதிலாகக் கூடியிருக்கும். கூடினால் பயப்படவேண்டும், எண்ணெய் நீர்த்துப்போகிறது என்று அர்த்தம். மாமா அதை வடித்து, நாள்கணக்கில் தெளியவைத்து, பழைய வேட்டித் துணியால் வடிகட்டித் திரும்ப ஊற்றுவார்.

புகையின் நாற்றம் பள்ளிக்கூடச் சட்டையில், தலையணையில், சோற்றில்கூட இருந்தது. இரவில் பிரசவ வேதனையோடு வருகிறவர்களை மாமா பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார். விமானத்துக்குப் பயந்து ஹெட்லைற்றில் கறுப்புக் கடதாசி ஒட்டி நடுவில் ஒரு கீறல் விட்டிருந்தது. அந்தக் கீறல் வெளிச்சத்தில் குண்டும் குழியும் கண்டுபிடித்து ஓட்டியவர் அவர். காசு வாங்கிய நாளும் உண்டு, வாங்காத நாளும் உண்டு.

1995 ஒக்ரோபர் 30 இரவு, சண்டைக்குப் பயந்து வலிகாமம் முழுவதும் எழும்பி நடந்தது. செம்மணி வெளியாலும் நாவற்குழிப் பாலத்தாலும் லட்சக்கணக்கில் சனம், மழை. சொமசெற்றுக்குள் அம்மம்மா, பக்கத்து வீட்டுக் கிழவர், அவருடைய மனைவி, கைக்குழந்தையோடு ஒரு பெண். கூரையில் பாயும் பானையும் அரிசி மூட்டையும். நாங்கள் காரைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். கார் நடக்கிற வேகத்தில் போனால் மண்ணெண்ணெய் சரியாக எரியாது, பிளக் நனைந்து கறுத்துவிடும். எஞ்சின் நின்றுவிடும். மாமா இறங்கி, பிளக்கைக் கழற்றி, சேட் நுனியால் துடைத்து, பூட்டி, ஹாண்டில் போடுவார். பின்னுக்கு நின்றவர்கள் சத்தம் போடவில்லை. சிலர் வந்து தள்ளினார்கள், ஆரென்று தெரியாது. பாலத்துக்கு ஏறும் சரிவில் எல்லாரும் சேர்ந்து தள்ளித்தான் ஏற்றினோம். விடியும்போது தென்மராட்சிக்குள் ஒரு வளவில் கார் நின்றது. அம்மம்மா இறங்கி, பொனற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மாட்டுக்குச் செய்வதுபோல. எனக்கு அது மிகையாகத் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை.

பிறகு நான் நாட்டைவிட்டு வெளிக்கிட்டேன். சென்னையில் இருந்த காலத்தில் தெருவெல்லாம் அம்பாசடர். அது 1950களின் மொறிஸ் ஒக்ஸ்போர்ட் சீரிஸ் 3. இங்கிலாந்து கைவிட்ட பிறகும் கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தரபாராவில் 2014 வரை செய்தார்கள். பழைய ஸ்ராண்டர்ட் ஹெறால்டும் இடைக்கிடை கண்ணில் படும். வண்டலூரில் செய்த ட்ரையம்ப் ஹெறால்ட் அது. அவற்றைக் காணும்போதெல்லாம் நின்று பார்த்தேன். ஆனால் ஓர் ஒஸ்ரின் ஏ40ஐத் தேடித்தான் கண் போனது.

லோங்பிரிட்ஜைப் பார்த்தது இங்கிலாந்தில் குடியேறிச் சில ஆண்டுகள் கழித்து. ஹேர்பேட் ஒஸ்ரின் 1905இல் தொடங்கிய இடம். 2005 ஏப்ரலில் எம்.ஜி. றோவர் முறிந்தபோது ஆயிரக்கணக்கானவர்கள் வேலையிழந்தார்கள். நான் போனபோது பெரும்பகுதியை இடித்து வீடுகளும் கடைகளும் எழும்பியிருந்தன. மாமாவின் கார் இந்த மண்ணிலிருந்துதான் புறப்பட்டது என்று நினைத்துக்கொண்டு கடைத்தெரு வழியே நடந்தேன். பார்க்க அதிகம் இல்லை.

சொமசெற்றைக் கண்டது அங்கே அல்ல, மிட்லாண்ட்ஸில் ஒரு புல்வெளிக் கண்காட்சியில். கடும் பச்சை இல்லை, சாம்பல் நீலம். பக்கத்தில் மடக்குக் கதிரையில் ஒரு வயதான வெள்ளைக்காரர், தேநீர்க் குடுவையோடு. பொனற்றைத் திறக்கலாமா என்று கேட்டேன். சந்தோஷமாகத் திறந்தார். 40 ஆண்டு கடந்த கார் என்பதால் வீதிவரி இல்லை என்று சொன்னார். 2021இல் வந்த புதுப் பெற்றோலைத்தான் திட்டினார். பத்து வீதம் எதனோல் கலந்தது, ரப்பர் குழாய்களை அரிக்கிறது, பழைய கார்கள் இதைத் தாங்காது என்றார்.

மண்ணெண்ணெயில் ஐந்து வருடம் ஓடிய சொமசெற்றைப் பற்றி அவருக்குச் சொன்னேன். அவர் நம்பாமல் பார்க்கவில்லை. “தீப்பொறியை எவ்வளவு பின்னுக்குத் தள்ளினீர்கள்?” என்று கேட்டார். அந்தக் கேள்வியில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. சேலைன் குழாய், மருந்துப் போத்தல், தண்ணீர் தெளித்துப் பார்ப்பது, எண்ணெய் வடிகட்டுவது எல்லாம் சொன்னேன். பேனை எடுத்துக் கண்காட்சித் தாளின் பின்பக்கத்தில் படம் கீறியும் காட்டினேன். அவருடைய தகப்பன் பூல் பெற்றோல் காலத்தில் கார் ஓட்டியவராம். “இந்த எஞ்சினை எங்களுடைய கஷ்ட காலத்துக்காகச் செய்தார்கள்” என்றார். டிக்கியிலிருந்து ஹாண்டிலை எடுத்து என் கையில் தந்தார். பெருவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துப் பிடித்தேன். அவர் அதைக் கவனித்தார். முதல் இழுவையிலேயே பிடித்தது.

இலங்கைக்கும் இந்தக் கார்களுக்கும் உள்ள உறவு இன்னொரு வழியிலும் தொடர்ந்தது. பாத் நகரில் மொறிஸ் மைனர்களையே புதுப்பித்து விற்ற சார்ள்ஸ் வெயர் என்பவர், உதிரிப்பாகங்களைத் தென்னிலங்கையில் செய்விக்கத் தொடங்கினார். ஒரு காரை எறிந்துவிட்டுப் புதிது வாங்குவதைவிட, அதையே திருத்தித் திருத்தி ஆயுள் முழுக்க வைத்திருப்பதுதான் சிக்கனம் என்று 1982இல் புத்தகமே எழுதியவர் அவர். எங்கள் கராஜ்காரர் புத்தகம் எழுதவில்லை, அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

மாமா போய்விட்டார். கார் மச்சானிடம் இருக்கிறது. யாழ்ப்பாணத்துக்குப் பாதை திறந்த பிறகு கொழும்பிலிருந்து சேகரிப்பாளர்கள் வந்து விலை கேட்டார்கள், அவன் கொடுக்கவில்லை. 2022இல் நாடு முழுக்க எண்ணெய் இல்லாமல் போனபோது அவன் எடுத்த தொலைபேசி அழைப்பில் முதல் வசனமே, “மச்சான், இந்த முறை மண்ணெண்ணெயும் இல்லை.” கார் மாதக்கணக்கில் நின்றது. பிறகு கைபேசிப் பதிவில் பங்கீடு வந்தது, அதற்குக் காரின் சசி இலக்கம் வேண்டும். தகட்டில் படிந்திருந்த அழுக்கைச் சுரண்டி, டோர்ச் அடித்து, லோங்பிரிட்ஜில் பொறித்த இலக்கத்தை வாசித்துப் பதிந்தான். கிழமைக்கு 20 லீற்றர் கிடைத்தது. பெற்றோலைக் கண்டதும் டிஸ்ரிபியூற்றரைப் பழையபடி திருப்பி வைத்துவிட்டதாகச் சொன்னான். மாமா காலத்திலிருந்து அது அந்த ஒரு நூல் பின்னுக்கே நின்றிருக்கிறது.

இப்போது றொக்கர் மூடிக்குக் கோர்க் கஸ்கெற் இரண்டும், இடதுபக்கச் சமிக்ஞைக் கைக்கு ஒரு செம்மஞ்சள் கண்ணாடியும் கேட்டிருக்கிறான். கஸ்கெற் வந்துவிட்டது. கண்ணாடி, அந்தப் புல்வெளி நண்பரிடம் பழையது ஒன்று இருக்கிறதாம். சனிக்கிழமை போய் வாங்கவேண்டும்.